பன்னிரண்டாவது வரியில் என் டிக்

எங்கள் வார்டில் மூத்திரத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவோம். மலத்தைப் பற்றியும் பேசுவோம். காலை டிபன் கையில் இருக்கும்போதே, எட்டாம் கட்டிலுக்கு நேற்று போச்சா, கெட்டியா இளக்கமா என்று வார்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கத்திக் கேட்போம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் வார்டு அது. வெட்கம் பார்த்தால் அங்கே வேலை ஓடாது. ஆனால் 'அந்த விஷயம்' என்று ஒன்று இருக்கிறது. அதை யாராவது கேட்டுவிட்டால் போதும். டாக்டர் ஃபேனைப் பார்ப்பார், பிசியோ தரையைப் பார்ப்பார், நான் டிரேயைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். சீ! இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா அது?

வார்டில் எனக்கு மிளகாய் சிஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் வாய் அப்படி. அந்த வாய் எங்கே திறக்க வேண்டுமோ அங்கே திறக்கவில்லை. அதனால் ஒரு மனிதர் என்ன பாடு பட்டார் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். பூசி மெழுகப் போவதில்லை. காது கூசுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்கெல்லாம் லிஃப்ட்காரர். வயது முப்பத்து நாலு, கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. மனைவி ஒரு கண்ணாடிக்கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கடுகளவு திருகாணியைக் கூட ஒரே தடவையில் மாட்டிவிடுவாள் என்று அவர் பெருமையாகச் சொல்வார். தினமும் கடை முடிந்து நேராக வார்டுக்கு வருவாள். கடையின் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் வந்துவிடுவாள். அதன் பையில் அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவர் எப்போதும் எட்டிப் பார்க்கும்.

அவர் விழுந்தது லிஃப்ட் குழிக்குள். ஒரு குடியிருப்பில் வழக்கமாகப் பார்க்கும் ஆள் லீவு என்று இவரை அனுப்பினார்கள். மூன்றாவது மாடியில் கதவை இழுத்தார். திறந்தது. லிஃப்ட் கூண்டு அங்கே நிற்காவிட்டால் அந்தக் கதவு திறக்கவே கூடாது. எதிர்வீட்டு அம்மா ஏதோ கேட்க, திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே காலை உள்ளே வைத்தார். கூண்டு கீழே இருந்தது. இரண்டு மாடி விழுந்தார்.

"சர்வீஸ் அட்டையில 'கதவுப் பூட்டு சரி'ன்னு டிக் போட்டு, கீழ கையெழுத்தும் இருந்துச்சு சிஸ்டர்," என்று வார்டுக்கு வந்த மூன்றாம் வாரம் என்னிடம் சொன்னார். "அந்த ஆளு பூட்டத் தொட்டே பாக்கல. கீழயே உக்காந்து மொத்த அட்டையையும் நெரப்பிட்டுப் போயிருக்கான். எங்க வேலையில ஒண்ணுதான் சிஸ்டர். டிக் போட்டா, கை அங்க போய்த் தொட்டிருக்கணும்."

"சரியான சோம்பேறிக் கழுதை அவன்!" என்று நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த ஆளைத் திட்டிய இதே வாயால்தான் பிறகு... இருக்கட்டும், வரிசையாகவே சொல்கிறேன்.

தொப்புளுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. இருந்தாலும் முதல் மாதத்தில் மனிதர் தெம்பாகத்தான் இருந்தார். படுத்தபடியே சத்தத்தை வைத்து, "உங்க லிஃப்ட் மூணாவது மாடியில ஒரு விரக்கடை மேல நிக்குது சிஸ்டர், சக்கர நாற்காலி தட்டும், சொல்லி வைங்க" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். மனைவி வரும் நேரத்துக்கு முகம் மழித்துக்கொண்டு, தலை வாரிக்கொண்டு தயாராக இருப்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள், "மாப்பிள்ளை ரெடி, பொண்ணத்தான் காணோம்" என்று கிண்டல் செய்வார்கள்.

அதற்கும் முடிவு வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வார்டு ஆள் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, சிறுநீர்க் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கை பட்டதில் அந்த உறுப்பு எழுந்து நின்றுவிட்டது. இது எங்கள் வார்டில் சாதாரணம். தும்மல் மாதிரி உடம்பு தானாகச் செய்வது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கழிசடை என்ன செய்தான் தெரியுமா? துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்கே கேட்கும்படி, "அடேயப்பா! மெக்கானிக்குக்கு எல்லாம் ரிப்பேர், லிஃப்ட் மட்டும் ஜம்முனு மேல போவுது!" என்றான். பதினோரு கட்டிலும் சிரித்தது. பெட்ஷீட் மாற்ற வந்தவள் கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இருந்தேன். மருந்து வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "கம்முனு வேலையப் பாருப்பா" என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினேன். மிளகாய் சிஸ்டர் செய்தது அவ்வளவுதான். அந்தத் திரைக்குள்ளே ஒரு நிமிஷம் போய் நின்று, "இது இப்படித்தான் வரும், நீங்க வெக்கப்பட ஒண்ணுமில்ல, பாக்கப்போனா இது நல்ல செய்தி" என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். படித்ததுதானே! சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். முகம் மழிக்கவில்லை. மனைவி வந்தால் "ம்", "இல்ல", "வேணாம்". அவள் ஒரு வாரம் பார்த்தாள். பிறகு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவும் குழாயடியில் என்னைப் பிடித்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? அவரு... நாங்க... இனிமே எப்படி..." அதற்கு மேல் வரவில்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

எனக்கா புரியாது? "மொதல்ல மனுஷன் உக்காரப் பழகட்டும்மா. உயிர் பொழைச்சதே பெரிசு. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். ஏதோ அவள் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு குரலில் சொன்னேன். அவள் டப்பாவை இரண்டு தடவை கழுவிவிட்டுப் போனாள்.

வார்டை விட்டு வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாங்கள் ஒரு தாள் நிரப்புவோம். பதினான்கு வரி. குழாயைத் தானே போட்டுக்கொள்ளத் தெரியுமா, புண் வந்தால் பார்க்கக் கண்ணாடி கொடுத்தாச்சா, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறத் தெரியுமா என்று போகும். பன்னிரண்டாவது வரி இது: 'தாம்பத்திய உறவு குறித்து நோயாளிக்கும் துணைவருக்கும் விளக்கப்பட்டது.' லிஃப்ட்காரர் போன அன்று, அவருடைய கட்டிலுக்கு வர வேண்டிய அடுத்த ஆள் ஸ்டிரெச்சரில் வராந்தாவில் கிடந்தார். நான் பேனாவை எடுத்தேன். மேலிருந்து கீழே பதினான்கு டிக், கீழே கையெழுத்து. எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

பதினோரு மாதம் கழித்து அவர் புண் கட்டும் அறைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே மாறியிருந்தேன். முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. தாடி, அழுக்குச் சட்டை, நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அரை மணிக்கு ஒரு தடவை கையூன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோமே, செய்கிறீர்களா என்றேன். "தோல் புண்ணானா என்ன சிஸ்டர், யாரு பாக்கப் போறா?" என்றார்.

புண் பின்பக்கம் இல்லை. துணியை விலக்கியதும் நாற்றம் குப்பென்று அடித்தது. உறுப்பைச் சுற்றித் தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, சீழ் வைத்திருந்தது. எத்தனையோ புண் பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"என்னங்க இது? கொதிக்கிற தண்ணி கொட்டிட்டீங்களா?"

முதலில் மென்று முழுங்கினார். பிறகு சொன்னார். அவருடைய அண்ணன், பஸ் நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து யாரோ ஒரு போலி வைத்தியனிடமிருந்து ஒரு தைலம் வாங்கி வந்திருக்கிறார். "ஒரு வாரம் தடவுடா, அவளே ஓடி வந்துடுவா" என்றாராம். சூடு ஏற்றுகிற தைலம். உணர்ச்சி உள்ளவனுக்கு ஒரு நொடியில் எரிந்திருக்கும், அலறியடித்துக் கழுவியிருப்பான். இவருக்கு எரிவது எங்கே தெரியும்? ஏழு நாளும் விடாமல் தடவியிருக்கிறார். எட்டாம் நாள் நாற்றம் வந்துதான் குனிந்து பார்த்திருக்கிறார். அந்த வைத்தியன் கையில் கிடைத்திருந்தால் அதே தைலத்தை அவன் கண்ணில் பூசியிருப்பேன்!

"அவளே ஓடி வருவான்னா? எங்க போயிருக்கா?"

"அஞ்சு மாசமா அம்மா வீட்டுல இருக்கா சிஸ்டர். நான்தான் போகச் சொன்னேன்."

"ஏன்?"

புண்ணைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தேன். "வர்ற திங்கக்கிழமை கையெழுத்துப் போடணும்," என்றார் கடைசியில். "விவாகரத்துக்கு. மச்சான் பேப்பர் ரெடி பண்ணிட்டாரு. எனக்கு இனிமே முடியாதுன்னு காட்ட ஆஸ்பத்திரிக் காகிதம் வேணுமாம். என் ஃபைலோட நகல் எடுத்துக் கொடுங்க சிஸ்டர். அவ நல்லா இருக்கட்டும்."

மச்சான் என்றது மனைவியின் அண்ணனை. என் தங்கச்சி உனக்கு ஆயா வேலை பார்க்கவா பிறந்தாள் என்று நடுக்கூடத்தில் நின்று கேட்டவராம். இந்த ஆளும், ஆமாம், கூட்டிப் போங்க என்றிருக்கிறார். என்ன ஜென்மங்களோ! அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

கட்டுப் போட்டு முடித்து ஃபைலைத் தேடி எடுத்து அவர் மடியில் வைத்தேன். மெக்கானிக் இல்லையா, ஒவ்வொரு தாளாக, ஒவ்வொரு வரியாகத்தான் படிப்பார். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். தாள் புரட்டும் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், அவருடைய விரல் ஒரு வரியின் மேல் நின்றிருந்தது.

"சிஸ்டர், இந்தப் பன்னெண்டாவது வரி. இது யார் கையெழுத்து?"

"என்னோடது" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். கட்டில் இல்லை, ஆள் பற்றாது, டாக்டர் சொல்ல வேண்டியது என்று ஆயிரம் இருக்கிறது. அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் கதவுக்கும் இப்படித்தான் டிக் போட்டிருந்தாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சோம்பேறிக் கழுதை என்று ஒருவனைத் திட்டினேனே, நான் யார்? அவன் தொடாமல் டிக் போட்டதில் இவருடைய முதுகு போனது. நான் போட்டதில் மிச்சமிருந்ததும் போகப் பார்க்கிறது.

நேராகப் பெரிய டாக்டரிடம் போனேன். "அதெல்லாம் அவங்களா கேட்டா சொல்லலாம் சிஸ்டர்" என்று ஃபேனைப் பார்த்தார். "கேட்டாங்க டாக்டர். என்கிட்ட கேட்டாங்க. நான் முழுங்கிட்டேன். நீங்க ரவுண்ட்ஸ்ல ஒரு வாட்டியாவது திரை போட்டுட்டு அந்த மனுஷன்கிட்ட பேசியிருக்கீங்களா?" என்றேன். அன்றைக்கு மட்டும் என் வாய் சரியான இடத்தில் திறந்தது.

வெள்ளிக்கிழமை, லிஃப்ட்காரர் கட்டு மாற்ற வரும் நேரத்துக்கே அவர் மனைவிக்கும் ஃபோன் போட்டு, தைலப் புண்ணைச் சொல்லி வரச்சொன்னேன். வந்தாள். அதே மேலங்கி, பையில் அதே ஸ்க்ரூடிரைவர். அவரைப் பார்க்காமல் கதவோரமாக நின்றாள். நான் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் பதினோரு மாசம் முன்னாடி சொல்லியிருக்க வேண்டியது இது," என்று ஆரம்பித்தேன். "சொல்லாமயே சொன்னதா எழுதி வச்சேன். இப்ப சொல்றேன், கேளுங்க. அது எழுந்திரிக்க உடம்புல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மனசுல ஆசை வந்து, மூளையிலேர்ந்து முதுகு வழியா இறங்கி வர்றது. அந்த வழி இவருக்கு அறுந்துபோச்சு. இன்னொண்ணு, கை பட்டாலோ துணி உரசினாலோ கீழயே நடக்குறது. அது மூளையக் கேக்கறதே இல்ல. யார் தொடறாங்கன்னு அதுக்குத் தெரியாது. அந்த வழி இவருக்கு நல்லா இருக்கு."

அவர் தலை நிமிர்ந்தது. "அப்ப... மேலேர்ந்து வர்ற வயர்தான் அறுந்திருக்கு. கூண்டு மேல நாங்க நின்னு அழுத்திப் பாக்குற பட்டன் வேலை செய்யுது. அவ்வளவுதானா?"

"அதேதான்."

மனிதர் உடைந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னார். "இவ பக்கத்துல வந்து தோள்ல தலை சாச்சா ஒண்ணுமே ஆகல சிஸ்டர். அந்த வார்டு ஆளு கை பட்டா மட்டும் ஆகுது. நான் என்னன்னு நெனைக்கறது? நான் என்ன மாதிரி மனுஷன்னு நெனைக்கறது? இவ மொகத்த எப்படிப் பாக்கறது?"

அதுவா! இதைத்தானா பதினோரு மாதத்துக்கும் மேலாக ஒருத்தன் தனியாக நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தான்? குழாயைத் துடைக்கும் கை பட்டு நடந்த ஒரு அனிச்சைச் செயலை வைத்துத் தன்னையே அருவருத்துக்கொண்டு கிடந்தானா? ஒரு நிமிஷத்தில் தீர்த்திருக்கலாமே, பாவி நான்!

அவள் அழவில்லை. கிட்டே வந்தாள், மருந்து மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். என் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "இதுக்கா என்னப் போகச் சொன்னே?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே பேசியவள். "என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். நாத்தம் புடிச்ச தைலத்தத் தடவிக்கத் தெரியுது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலயா உனக்கு? அஞ்சு மாசம்! எங்கண்ணன் என்னமோ நான் ஓடிப்போகத் துடிக்கிற மாதிரி பேப்பரத் தூக்கிட்டு அலையறான்!"

"கத்தாத," என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்!"

நான் மிச்சத்தையும் சொன்னேன். முதலில் புண் ஆற வேண்டும். உறவுக்கு முன்னால் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட வேண்டும். எழுந்தது நிலைக்காவிட்டால் மாத்திரை இருக்கிறது, டாக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் தருவார். கடையில் தானாக வாங்கித் தின்னக் கூடாது. தொப்புளுக்கு மேலே, கழுத்து, காது, தோள் என்று உணர்ச்சி இருக்கும் இடங்கள் நிறைய உண்டு, அவை முன்னைவிடக் கூர்மையாகவே இருக்கலாம். குழந்தைக்கும் வழி இருக்கிறது, அதற்குத் தனி டாக்டர். மனசு இப்படி இருண்டு கிடப்பதும் வியாதிதான், அதற்கும் ஆள் இருக்கிறார், வெட்கமில்லாமல் போங்கள் என்றேன். பழைய மாதிரியே எல்லாம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றேன், டாக்டரை இழுத்து வந்து சொல்ல வைத்தேன்.

கடைசியில் ஃபைலை எடுத்தேன். பன்னிரண்டாவது வரியில் என் பழைய டிக்கைக் கோடு போட்டு அடித்து, அன்றைய தேதி எழுதி, புதிதாகப் போடப் போனேன். லிஃப்ட்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"இப்ப வேணாம் சிஸ்டர். வேலை முடிஞ்ச கையோட நாங்க போட மாட்டோம். ஓட்டிப் பாத்துட்டுத்தான் போடுவோம். நாங்க வந்து சொல்றோம், அப்பப் போடுங்க."

"சீ, பேச்சப் பாரு" என்று அவள் அவருடைய தோளில் ஒன்று வைத்தாள். அடித்த கையை அங்கேயே வைத்திருந்தாள். திங்கட்கிழமை அவர் எங்கேயும் கையெழுத்துப் போடப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். முகம் மழித்திருந்தார். "சில நாள் ஆகுது, சில நாள் ஆகல, சில நாள் ரெண்டு பேரும் சிரிச்சிட்டுத் தூங்கிடறோம்" என்று அவள்தான் சொன்னாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அவர் ஃபைலை என் பக்கம் தள்ளினார். டிக் போட்டேன்.

"மத்தவங்களுக்கு சிஸ்டர்?" என்றார் போகும்போது. அவருடைய பார்வை எனக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் இருந்தது.

அந்த பீரோவில் நான் கையெழுத்துப் போட்ட பதினோரு வருஷத்து ஃபைல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பன்னிரண்டாவது வரியில் அதே ஒரே இழுப்பு டிக். மறுநாள் காலை டீயைக் கூடக் குடிக்காமல் அதைத் திறந்தேன். கைக்கு வந்த முதல் ஃபைலை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. நான் யார் என்று சொன்னேன். என்ன சொல்லாமல் விட்டேன் என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எம் பொண்டாட்டி என்ன விட்டுட்டுப் போயி நாலு வருஷமாச்சு சிஸ்டர்," என்றார். "பரவால்ல, சொல்லுங்க. நானாவது தெரிஞ்சுக்கறேன்."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.